உடையின் வரலாறும் ஊரின் கடமையும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில், சென்னை வண்ணாரப்பேட்டையில் ஆற்றிய சொற்பொழிவு)

 

உடையின் வரலாற்றைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். உடை என்றவுடன் அரசர் அணிந்த பட்டும் அரசியர் உடுத்த சரிகையும் நம் நினைவுக்கு வருகின்றன. 'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்த ஆடைப் பாதிக்குள் எத்தனை ஆட்கள் அடங்கியுள்ளனர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பருத்தி விளைவித்த உழவர், கொட்டை நீக்கியவர், நூல் நூற்ற பெண்மணி, பாவு ஓட்டியவர், நெய்தவர், சாயமிட்டவர், வெளுத்தவர், தைத்தவர் என ஒரு முழத் துணிக்குப் பின்னால் ஓர் ஊரே நிற்கின்றது. ஆதலின் உடையின் வரலாறு ஊரின் வரலாறே ஆகும்.

நாம் கூடியிருக்கும் இவ்விடத்தின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுநர்களின் பெயரையும் பெருவணிகர்களின் பெயரையும் தாங்கிய தெருக்கள் சென்னையில் பல உண்டு. வண்ணாரப்பேட்டையோ உழைப்பாளரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கிழக்கிந்தியக் கம்பெனியார் கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்த மக்கள் குடியிருந்த பேட்டை இது. அவர்கள் வெளுத்த துணி கடல் கடந்து சென்று உலகின் உடையையே மாற்றியது. அவர்களின் தனிப்பெயர்களை நாடு மறந்துவிட்டது. பேட்டையின் பெயர் மட்டுமே எஞ்சியிருக்கின்றது.

முதலில் பழங்காலத்தைச் சற்றுக் காண்போம். நம் முன்னோர் ஆடைக்கு வழங்கிய சொற்களே பெரிய சான்றுகள். துணிக்கப்படுவது துணி, அறுக்கப்படுவது அறுவை. தறியிலிருந்து அறுத்தெடுத்த துணியை அப்படியே உடுத்திய வழக்கத்தை இச்சொற்கள் காட்டுகின்றன. வேட்டியும் சேலையும் இன்றளவும் அவ்வழக்கின் தொடர்ச்சியே. வைகைக் கரையில் உள்ள கீழடியில் நூல் நூற்கும் தக்களிகள் கிடைத்துள்ளன. புதுச்சேரிக்கு அருகில் உள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டில் நடந்த அகழாய்வில் செங்கல் தொட்டிகள் வெளிப்பட்டன. அவை சாயத் தொட்டிகளாக இருக்கலாம் என ஆய்வாளர் கருதினர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல் வழி நூலொன்று, உறையூர் எனக் கருதப்படும் ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகின்றது.

நெய்தவரை மட்டுமன்றி வெளுத்தவரையும் நம் பழம்புலவர் நினைந்தனர். ஔவையார் பாடிய புறநானூற்று 311-ஆம் பாட்டில், களர் நிலத்தில் கிணறு தோண்டி நாள்தோறும் துணி வெளுக்கும் ஒரு பெண் வருகின்றாள். களர் நிலம் ஏன்? உழவர்களாகிய உங்களுக்கு அது நன்கு தெரியும். பயிருக்கு ஆகாத அந்த உவர் மண்ணே அழுக்கை நீக்கும் காரத்தைத் தருகின்றது. உழவர் ஒதுக்கிய நிலத்தைச் சலவைத் தொழிலாளர் பயன்கொண்டனர். இது 2,000 ஆண்டுப் பழமையுடைய அறிவு.

இனி இந்நகரம் தோன்றிய காலத்துக்கு வருவோம். கம்பெனியார் 1639-ஆம் ஆண்டு இக்கடற்கரையில் இடம் பெற்றனர். இங்கே நல்ல துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நிற்க, மசூலாப் படகுகளில் சரக்கை ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. அவ்வாறிருந்தும் பிரான்சிஸ் டே என்பவர் இவ்விடத்தை விரும்பியதற்கு முதன்மையான காரணம், பிற இடங்களைக் காட்டிலும் இங்கே துணி 20 விழுக்காடு மலிவு என்பதே. சென்னை மாநகரம் துணிக்காக எழுந்த நகரம் என்று சொன்னால் அது மிகையாகாது.

துணி வேண்டுமாயின் துணி செய்வோர் வேண்டுமல்லவா? எனவே கம்பெனியார் தொழிலாளரை அழைத்துக் குடியமர்த்தினர். 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் திருவொற்றியூருக்கு அருகில் நெசவாளர் குடியிருப்பு ஒன்றை அமைத்தார். அவர் பெயரால் வழங்கிய காலெட் பேட்டையே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. 1734-ஆம் ஆண்டில் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் சிந்தாதிரிப்பேட்டையை நிறுவினார். நூற்போரும் நெய்வோரும் சாயமிடுவோரும் வெளுப்போரும் அங்கே குடியேறினர். சின்னத் தறிப்பேட்டை என்பதே அப்பெயரின் மூலம் என்பர்.

வெளுப்பவரின் வேலை எத்தகையது என்பதை இங்கே சற்று விளக்க விரும்புகின்றேன். தறியிலிருந்து இறங்கும் துணி வெண்மையாக இருப்பதில்லை. பாவுக்கு இட்ட கஞ்சியும், தறியின் எண்ணெயும், பருத்தியின் இயற்கைப் பழுப்பும் அதில் படிந்திருக்கும். உவர்மண் கரைத்த நீரில் அதனைத் தோய்த்து, பெரிய பானையின்மேல் அடுக்கி, ஆவியில் வேகவைப்பர். இதுவே வெள்ளாவி. பின்னர்க் கல்லில் அடித்து அலசி, வெயிலில் விரித்து, காயக் காய நீர் தெளிப்பர். இவ்வாறு பல நாள், பல முறை செய்த பின்னரே வெண்மை பிறக்கும். இறுதியில் கஞ்சியிட்டு, மரக் கொட்டாப்புளியால் அடித்து மெருகேற்றுவர். இவ்வேலைக்கு மூன்று பொருள்கள் இன்றியமையாதவை: நல்ல நீர், திறந்த வெளி, தெளிந்த வெயில். அடைமழை பிடித்தால் வேலை நின்றுவிடும். கோட்டைக்குள் கம்பெனியின் ஆட்கள் துணியைத் தரம் பிரித்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று வகுப்பர். குறை கண்டதைத் தள்ளிவிடுவர். நெசவாளரோ வணிகரிடம் முன்பணம் பெற்றுத் தொழில் செய்தவர். தள்ளுபடியான துணி அவருக்குக் கடனாகத் திரும்பும்.

வெண்துணியோடு வண்ணத் துணியும் கடல் கடந்தது. நம் கடற்கரையில் சாயவேர் என்னும் செடியின் வேரிலிருந்து சிவப்பும், அவுரியிலிருந்து நீலமும் எடுத்தனர். கடுக்காய் நீரில் துணியைப் பதப்படுத்தி, படிக்காரம் கொண்டு எழுதிச் சாயவேரில் கொதிக்கவைத்தால், எழுதிய இடத்தில் மட்டும் சிவப்பு நிலைக்கும். நீலம் ஏறக்கூடாத இடங்களில் மெழுகு பூசுவர். இவ்வாறு ஆக்கிய சீட்டித் துணி துவைக்கத் துவைக்கச் சாயம் போகாது. அக்காலத்து ஐரோப்பியர் இத்தகைய துணியைச் செய்ய அறியார். அவர்கள் கம்பளியும் சணலாடையும் உடுத்தியவர்கள். எளிதில் துவைக்கக்கூடிய, மெல்லிய, வண்ணம் மங்காத பருத்தித் துணி அவர்களுக்குப் பெரும் புதுமையாயிற்று. சீமாட்டிகளிலிருந்து வேலைக்காரப் பெண்கள் வரை அதனை விரும்பி அணிந்தனர்.

அதன் விளைவு என்ன? பிரெஞ்சு அரசு 1686-ஆம் ஆண்டில் அத்துணியைத் தடை செய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தில் கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் கிளர்ந்தெழுந்தனர். 1719-ஆம் ஆண்டில் இலண்டன் தெருக்களில் சீட்டி உடுத்திச் சென்ற பெண்களின் ஆடைகளைக் கிழித்தெறிந்தனர். 1700-ஆம் ஆண்டுச் சட்டம் வண்ணச் சீட்டியின் இறக்குமதியைத் தடுத்தது. 1721-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய பருத்தித் துணியை உடுத்துவதையே பெரும்பாலும் தடுத்தது. அந்த நெசவாளரை நாம் பழிக்க வேண்டியதில்லை. அவர்கள் காக்க முயன்றதும் தங்கள் வயிற்றுப்பாட்டையே. ஒரு நாட்டின் நாகரிகம் மாறினால் மற்றொரு நாட்டின் அடுப்பு அணையும் என்பதை அன்றே உலகம் கண்டுகொண்டது.

இறக்குமதி தடுக்கப்பட்டபோது, வெண்துணியை வாங்கிச் சென்று அச்சிடும் தொழிலை அவர்கள் தங்கள் நாட்டிலேயே வளர்த்துக்கொண்டனர். நம் தொழில் நுட்பமும் அவர்களிடம் சென்றது. 1742-ஆம் ஆண்டில் கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் சோழமண்டலக் கரையில் சாயமிடும் முறையைக் கேட்டறிந்து, படிப்படியாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். நம் தொழிலாளரின் கையில் மட்டும் இருந்த அறிவு, பிறர் கையால் எழுத்தாயிற்று. கைத்திறனை நாம் எழுதி வைக்கத் தவறினோம் என்பதை உறுப்பினர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகின்றேன்.

அதன்பின் எந்திரங்கள் வந்தன. ஆர்க்ரைட்டின் நூற்பு எந்திரம் 1769-ஆம் ஆண்டிலும், கிராம்ப்டனின் எந்திரம் 1779-ஆம் ஆண்டிலும் தோன்றின. வெளுப்புத் தொழிலிலும் பெருமாற்றம் நிகழ்ந்தது. அதுகாறும் ஐரோப்பியர் துணியைப் புல்வெளியில் விரித்து, புளித்த மோரில் தோய்த்து, மாதக் கணக்கில் வெளுத்து வந்தனர். 1785-ஆம் ஆண்டில் பெர்தோலே என்ற பிரெஞ்சு அறிஞர் குளோரின் கொண்டு வெளுக்கும் முறையைக் கண்டார். 1799-ஆம் ஆண்டில் டெனன்ட் என்பவர் வெளுப்புத் தூள் செய்யும் உரிமையைப் பெற்றார். மாதங்கள் நாட்களாகச் சுருங்கின. 1869-ஆம் ஆண்டில் சிவப்புச் சாயமும், 1897-ஆம் ஆண்டில் நீலச் சாயமும் தொழிற்சாலைகளில் உருவாகி விற்பனைக்கு வழி பிறந்தபோது, சாயவேரும் அவுரியும் தம் மதிப்பை இழந்தன. அவற்றைப் பயிரிட்டும் திரட்டியும் வாழ்ந்த மக்களும் வாழ்விழந்தனர்.

1813-ஆம் ஆண்டில் கம்பெனியின் இந்திய வணிகத் தனியுரிமை நீங்கியது. 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதன் வணிகமே முடிவுற்றது. கம்பெனிக்காகத் துணி வெளுத்த காலமும் அதனோடு முடிந்தது. சீமை நூல் வந்து இறங்கியபோது முதலில் அடிபட்டவர்கள் வீட்டிலிருந்து நூல் நூற்ற பெண்கள். நெசவாளர் ஆலை நூலை வாங்கி நெய்து ஒருவாறு பிழைத்தனர். இராட்டை சுழற்றிய கைகளுக்கோ மாற்று வேலை கிடைக்கவில்லை.

ஆயினும் சென்னையின் பெயர் துணியுலகில் மறையவில்லை. கட்டமிட்ட சென்னைக் கைக்குட்டைத் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பெருமளவில் சென்றது. நைஜீரியாவின் கழிமுகப் பகுதியில் வாழும் கலாபாரி மக்கள் அதனை 'இஞ்சிரி' என்று அழைத்து, பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகளில் பயன்படுத்துகின்றனர். அதன் சில இழைகளை அறுத்து உருவி, புதிய கோலங்களை உண்டாக்கும் கலையும் அவர்களிடம் உண்டு. நைஜீரியாவில் 'ஜார்ஜ்' என்று வழங்கும் ஆடையின் பெயர் செயிண்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்ததாகக் கருதுவர். இப்பெருமையோடு ஒரு சிறுமையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முற்காலத்தில் ஐரோப்பிய வணிகர் இந்தியத் துணியைக் கொடுத்து ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக வாங்கினர். நெய்தவரும் வெளுத்தவரும் அறியாமலே அவர்களின் துணி அத்தீய வணிகத்திற்குக் கருவியாயிற்று.

மற்றொரு செய்தி சுவையானது. 1958-ஆம் ஆண்டில் அமெரிக்க வணிகர் ஒருவர் சென்னைக் கட்டத் துணியை ஏராளமாக வாங்கிச் சென்றார். குளிர்ந்த நீரில் தனியே அலச வேண்டும் என்ற எச்சரிக்கை, உடுத்துவோர் காதில் விழவில்லை. முதற் சலவையிலேயே சாயம் ஓடிக் கலந்தது. வாங்கியவர் சினந்தனர். விற்றவரோ அதனையே சிறப்பாக்கி, 'சாயம் ஓடுவது உறுதி' என்று விளம்பரம் செய்தனர் என்பர். குறையே நாகரிகமாயிற்று! சலவை அறியாதவர் துணியை அறியார் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

வண்ணாரப்பேட்டையும் துணித் தொழிலை முற்றும் கைவிட்டுவிடவில்லை. நீதிக்கட்சியைத் தோற்றுவித்தவருள் ஒருவரும், சென்னை மாநகராட்சியின் தலைவராக விளங்கியவருமான சர் பிட்டி தியாகராயர் (1852–1925) இப்பகுதியில் நெசவுக்கூடம் நடத்தியவர். அவர் பெயர் தாங்கிய கல்லூரி 1950-ஆம் ஆண்டு முதல் இங்கே கல்வி புகட்டி வருகின்றது. அருகில் உள்ள பெரம்பூரில் பக்கிங்காம் ஆலை 1876-ஆம் ஆண்டிலும் கர்நாடிக் ஆலை 1881-ஆம் ஆண்டிலும் எழுந்தன. 1918-ஆம் ஆண்டில் அத்தொழிலாளரைக் கொண்டே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா அவர்களும் திரு.வி.க. அவர்களும் அதற்குத் துணை நின்றனர். அந்த ஆலை 1996-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இன்று வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலை ஆயத்த ஆடைக் கடைகளுக்குப் பெயர் பெற்று விளங்குகின்றது. துணி வெளுத்த பேட்டை துணி விற்கும் பேட்டையாயிற்று.

இதுகாறும் துணியைப் பற்றிப் பேசினேன். இனி அதனை உடுத்தும் மனிதரைப் பற்றிப் பேச வேண்டும். யார் எதை உடுத்தலாம் என்பதை நம் நாட்டில் விருப்பமும் பொருளும் மட்டும் முடிவு செய்யவில்லை. சாதியும் முடிவு செய்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் அரசில் இருந்த காலத்தில், சில வகுப்புப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிவது தடுக்கப்பட்டிருந்தது. பல ஆண்டுகள் நடந்த போராட்டத்தின் பின் 1859-ஆம் ஆண்டில் அரசர் ஓர் அறிக்கை வெளியிட்டார். அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற வரம்போடுதான் வந்தது. 1930-ஆம் ஆண்டிலும் இராமநாதபுர மாவட்டத்தின் சில ஊர்களில், ஒடுக்கப்பட்ட மக்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது என்று தடை விதித்தனர். முழங்காலுக்கு மேலும் கீழும் உள்ள ஒரு முழத் துணியில் மனிதனின் மானத்தை அளந்த காலம் அது.

1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் காந்தியடிகள் மதுரையில் தம் சட்டையையும் தொப்பியையும் துறந்து அரையாடை பூண்டார். அவர் விரும்பிக் களைந்தார். விரும்பியும் உடுத்த இயலாத மக்கள் அன்று பல்லாயிரவர். இவ்விரண்டையும் சேர்த்து நினைத்தால்தான் அந்நாளின் பொருள் விளங்கும். 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், நகையும் நல்லாடையும் அணிவதைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பதையும் குற்றமாக்கியது. 1958-ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில் ஊர்ப் பெரியோர் ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை வழங்கினர். ஒரே நிறச் சட்டையில் செல்வர் மகனும் கூலியாள் மகனும் அருகருகே அமர்ந்தனர். 1983-ஆம் ஆண்டு முதல் பொங்கல் திருநாளையொட்டி ஏழை மக்களுக்கு வேட்டி சேலை வழங்கும் திட்டமும் வந்தது. உடுப்பவருக்கு மானமும் நெய்பவருக்கு வேலையும் ஒருங்கே தரும் திட்டம் அது.

வெளுத்தவரின் நிலை என்ன? சிற்றூர்களில் சலவைத் தொழிலாளர் வீடுதோறும் துணி எடுத்து வெளுத்தனர். திருமணத்திலும் இறுதிச் சடங்கிலும் மாற்று விரித்தனர். கூலியாகக் களத்தில் சில மரக்கால் நெல்லும், மாலையில் வீட்டுக்கு வீடு ஒரு பிடிச் சோறும் பெற்றனர். விளைச்சல் பொய்த்த ஆண்டில் அந்நெல்லும் இல்லை. வேலை மட்டும் குறையவில்லை. தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் அவர்களினும் தாழ்வாக நடத்தப்பட்டனர். அவர்களுக்கென 2009-ஆம் ஆண்டில்தான் தமிழ்நாட்டில் நல வாரியம் அமைந்தது. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்கிறோம். கசக்கிக் கொடுத்தவரைக் கைகூப்பி வணங்கினோமா என்பதே கேள்வி.

உழவர்களை நேரே தொடும் செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகின்றேன். திருப்பூர் பின்னலாடைத் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றது. ஆனால் சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. ஒரத்துப்பாளையம் அணை பாசன நீருக்கு மாறாகக் கழிவு நீரைத் தேக்கியது. கீழ்ப்பகுதியில் கிணறுகள் உவர்ந்தன, நிலங்கள் களராயின. ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். கழிவு நீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை அடையாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அக்காலத்துப் பெண் களர் நிலத்து நீரால் துணியை வெளுத்தாள். நம் காலத்தில் துணியின் நீர் நல்ல நிலத்தைக் களராக்கியது. பட்டறையும் வேண்டும், வயலும் வேண்டும். இரண்டும் வாழ வேண்டுமாயின், நீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆதலின் ஊராட்சி உறுப்பினர்களுக்குச் சில வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது, உங்கள் ஊரின் சலவைத் துறையைச் சென்று பாருங்கள். துவைக்கும் கல்லும், நீர்த்தொட்டியும், நிழற்கொட்டகையும், அழுக்கு நீர் குளத்தில் கலக்காதபடி வடிகாலும் உள்ளனவா? இல்லையேல் கிராமசபையில் எடுத்துரையுங்கள்.

இரண்டாவது, சலவைக்குக் கூலி பணமாகவும் நேரத்திலும் சேரட்டும். எவரையும் பிறப்பின் பெயரால் வேலைக்கு அழைக்கும் வழக்கம் எஞ்சியிருந்தால், அதனை ஊரார் கூடி ஒழிக்க வேண்டும்.

மூன்றாவது, சாயப்பட்டறையோ சலவை ஆலையோ ஊருக்குள் வர விரும்பினால், அதன் நீர் எங்கிருந்து வரும், எங்கே போகும் என்று முதலில் கேளுங்கள். எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பதை அடுத்துக் கேளுங்கள்.

நான்காவது, விழாவுக்கும் அலுவலகத்துக்கும் துணி வாங்கும்போது கூட்டுறவு நெசவாளரை நினையுங்கள். 1935-ஆம் ஆண்டு தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் நெசவாளர் சங்கங்களின் துணியை விற்பதற்கென்றே ஏற்பட்டது. காஞ்சிபுரப் பட்டும், பவானிச் சமக்காளமும், மதுரைச் சுங்குடியும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. அக்குறியீடு போலியைத் தடுக்கலாம். வாங்கும் கைகள்தாம் தொழிலை வாழவைக்கும்.

ஐந்தாவது, உங்கள் ஊரில் முதிய நெசவாளரோ, சாயத் தொழிலாளரோ, வெள்ளாவி வைத்த பெரியவரோ இருப்பின், பள்ளிப் பிள்ளைகளை அவரிடம் அனுப்பி, அவர் சொல்வதை அவர் பெயரோடு எழுதி வைக்கச் செய்யுங்கள். வேறு நாட்டார் வந்து எழுதும் வரை காத்திருக்க வேண்டாம்.

அன்பர்களே! நாகரிகம் மாறிக்கொண்டே இருக்கும். வேட்டி கால்சட்டையாகலாம், தாவணி சுடிதாராகலாம். அதனைக் கண்டு நாம் கலங்க வேண்டியதில்லை. விரும்பியதை அச்சமின்றி உடுத்தும் உரிமை எல்லோர்க்கும் இருத்தல் வேண்டும். அந்த உடையை ஆக்கியவர் வீட்டில் அடுப்பெரிதல் வேண்டும். அதனைத் துவைத்த நீர் அடுத்தவர் வயலைக் கெடுக்காதிருத்தல் வேண்டும். இம்மூன்றும் நிறைந்த ஊரே நன்றாக உடுத்திய ஊர். அத்தகைய ஊர்களை ஆக்கும் பொறுப்பு உங்கள் கையில் இருக்கின்றது.